வாசலுக்கு நேரே இருந்த தீவு

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் வீட்டு முன்னோர் மேடைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். ஊதுவத்தி ஏற்றித்தான் செய்கிறேன். பொய்யென்றால் என் நாக்கில் சிப்பி முளைக்கட்டும். முளைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கடைசிவரை அவரால் சூடாகக் கஞ்சி குடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தது வெந்து வாய் திறந்துவிடும்.

ஹாலாங் விரிகுடாவில் ஏறக்குறைய இரண்டாயிரம் சுண்ணாம்புத் தீவுகள் இருப்பதாகச் சொல்வார்கள். நான் மூன்று தடவை எண்ணியிருக்கிறேன். மூன்று தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. என் எண்ணலில் பிசகில்லை. எப்போது போனாலும் நாலைந்து தீவுகள் மேயப் போயிருக்கும்.

அந்தத் தீவுகளுக்கு நடுவே, பீப்பாய்களின் மேல் பலகை அடித்துக் கட்டிய வீட்டில் அறுபத்தோரு வருடம் இருந்தேன். பிறகு ஊரையே கரையேற்றிச் சிமெண்டு வீடு கொடுத்தார்கள். முதல் மாதம் முழுக்க அந்த வீட்டை எதிரே இருந்த விளக்குக் கம்பத்தோடு கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். தெருவே சிரித்தது. ஆனால் அந்த மாதம் வீடு ஓரடிகூட நகரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

என் மனைவி ஹென் கரையேறவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். தண்ணீரில் வாழ்கிறவர்களுக்கு இடுகாடு ஏது? ஏதாவது ஒரு தீவின் காலடியில் பாய் விரிக்கிற அளவு மணல் இருந்தால் அங்கே புதைப்போம். மூன்று வருடம் கழித்துத் தோண்டி, எலும்பை அரிசிச் சாராயத்தில் கழுவி, தலை முதல் கால் வரை வரிசையாக ஒரு சுடுமண் பெட்டியில் அடுக்கி, நிரந்தரமான இடத்தில் வைக்க வேண்டும். எலும்பின் மேல் வெயில் படக்கூடாது. இதைச் செய்து முடிக்கும்வரை செத்தவர் விலாசம் இல்லாதவர்.

ஹென்னுக்கு மூன்று வருடம் ஐந்தாகிவிட்டது. எங்கள் ஒரே மகள், பெயர் தாம், நிலக்கரி கழுவும் ஆலையில் வேலை செய்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு ரொம்ப நாளைக்கு முன்பே கரைக்குப் போனவள். அவள் கனவில் ஹென் ஈரத்துணியோடு வந்து நின்று, காய்ந்த இடம் கேட்கிறாளாம். வாரத்துக்கு மூன்று நாள் கேட்கிறாளாம். தாம் இளைத்துப் போனாள். கடைசியில் அவளே கல்லறைத் தோட்டத்தில் இடம் பிடித்து, குழி வெட்ட ஆள் சொல்லி, ஜோசியரிடம் நாளும் குறித்துவிட்டாள். பதினோராம் மாதம் இருபத்திரண்டு. அன்று பொழுது சாய்வதற்குள் அம்மா வந்து சேர வேண்டும். தவறினால் இன்னும் மூன்று வருடத்துக்கு நாள் இல்லை.

புதைத்த இடம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் நிற்பேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன்.

அந்த இடத்தை எப்படி நினைவில் வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரையில் பிறந்தவன் கிணறு, மரம், மதில் என்று எதையாவது அடையாளம் வைப்பான். எனக்குத் தெரிந்து உலகத்தில் அசையாதது என் வீட்டு வாசல் ஒன்றுதான். வாசலில் உட்கார்ந்தால் நேரே ஒரு தீவு, படுத்த எருமை மாதிரி. அதன் வால் பக்கம் ஹென்.

விரிகுடாவுக்குள் இப்போது நினைத்தபடி போக முடியாது. நான் பிறந்த தண்ணீரைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு, வெளியூர்க்காரர்களோடு சுற்றுலாப் படகில் ஏறினேன். சுடுமண் பெட்டியை மீன்காரர்களின் ஐஸ் பெட்டிக்குள் வைத்து இடுப்பில் இடுக்கியிருந்தேன். சீருடை போட்ட ஒரு பெண் தடுத்தாள்.

“தாத்தா, வெளிச் சாப்பாடெல்லாம் படகுல ஏத்தக்கூடாது.”

“சாப்பாடு இல்லம்மா. எம் பொண்டாட்டிக்கு வீடு.”

அவள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். காலியாக இருந்தது. “வீட்டுல யாரையும் காணோமே,” என்றாள்.

“கூட்டிட்டு வரத்தாம்மா போறேன்.”

அவள் ஒரு ஆரஞ்சு மிதவைச் சட்டையை எடுத்து என் தலை வழியாக மாட்டி, மூன்று கொக்கிகளையும் தானே போட்டுவிட்டாள். நடக்கக் கற்பதற்கு முன்பு நீந்தக் கற்றவன் நான். கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. குளிராக இருந்தது, அவ்வளவுதான்.

வழிகாட்டி ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பாறையாகக் காட்டி இது சேவல், இது கட்டைவிரல், இது நாய் என்று சொல்லிக்கொண்டே வந்தான். எல்லோரும் படம் எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள், அந்த வளைந்த பாறைக்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்டார். அது முன்பு நேராக இருந்தது, வருகிறவர்கள் எல்லோரும் படம் எடுத்து எடுத்துத்தான் வளைந்துவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார்.

குகை வளைவுக்கு முன்னால் படகு நாற்பது நிமிடம் நிற்கும். அங்கே மூங்கில் ஓடங்களில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற வேலையில் என் மச்சினன் மோய் இருந்தான். ஹென்னின் தம்பி. அக்கா செத்தபோது அவன் கணவாய் மீன் பிடிக்கத் தூரக் கடலுக்குப் போயிருந்தான். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேறு யாரும் ஏறாதபடி என்னையும் பெட்டியையும் மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கழுவுவதற்கான சாராயம் அவன் பொறுப்பு. பாட்டிலில் பாதிதான் இருந்தது. மீதியைக் குளிர் குடித்துவிட்டதாகச் சொன்னான்.

பாறை மறைவுக்கு வந்ததும் கேட்டான். “எந்தத் தீவு மச்சான்?”

“வாசலுக்கு நேரே இருந்ததுடா.”

துடுப்பை நாலு தடவை வலித்தான். பிறகு, “எந்த நேரத்து வாசலுக்கு?” என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீடு ஒற்றை நங்கூரக் கயிற்றில் நின்ற வீடு. எங்கள் கடலில் நாளுக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். வீடு அதோடு சேர்ந்து சாவகாசமாகத் திரும்பும். காலையில் வாசலுக்கு நேரே இருப்பது மாலையில் அடுப்படிக்குப் பின்னால் போய்விடும். அறுபத்தோரு வருடம் அந்த வாசலில் உட்கார்ந்து, உலகம் நம்மைச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஒங்க வாசலு ஒரு நாளைக்குப் பாதி விரிகுடாவப் பாத்துரும்,” என்றான் மோய். “அக்காவே சொல்லுவா. இந்த ஆளு வீட்டுலதான் இருக்காரு, ஆனா எந்தப் பக்கமா இருக்காருன்னுதான் தெரியாதும்பா.”

“எருமை மாதிரி இருக்கும்டா.”

“இங்க எருமை மாதிரி இல்லாதது எது? நானே அப்படித்தான் இருக்கேன்.”

அக்கா இறந்த நாளில் ஏற்றமா இறக்கமா, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போனது என்று நோண்டி நோண்டிக் கேட்டான். காலை, இறக்கம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மாலையாகவும் இருக்கலாம் என்றேன். அப்படியென்றால் மூன்று தீவுகளில் ஒன்று என்று முடிவு செய்தான்.

முதல் தீவின் மணலைத் துடுப்பால் தோண்டினோம். பழைய செருப்பு ஒன்று வந்தது, இடது கால். அதைத் திரும்பப் புதைத்தோம். இரண்டாவது தீவில் ஒரு குரங்கு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று கொக்கியும் சரியாகப் போட்டிருந்தது. எங்களுடையதையும் ஒரு பார்வை பார்த்தது; மோயின் சட்டையில் ஒரு கொக்கி விட்டுப்போயிருந்தது, அவன் அவசரமாகப் போட்டுக்கொண்டான். தோண்டினால் அங்கேயும் ஒன்றும் இல்லை.

மூன்றாவது தீவில் தோண்டவில்லை. மோய் ஓடத்தை நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். பாறைக்குக் கீழே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடம் போய்விட்டது. கரையில் தாம் காலையிலிருந்து ஒட்டரிசிச் சோறும் அவித்த கோழியும் படையல் வைத்துக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வெறும் பெட்டியோடு போய் நின்றால் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் முகம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

“குகைக்குள்ள பாத்துருவோம் மச்சான்,” என்றான் மோய், தணிந்த குரலில்.

சரியான யோசனைதான். ஹென் வெயில் ஆகாதவள். வருடக்கணக்கில் திறந்த மணலில் எதற்குக் கிடக்கப்போகிறாள்? நடந்து உள்ளே போயிருப்பாள். எங்கள் ஊரில் செத்தவர்கள் இடம் மாறுவது புதிதில்லை. மோயின் பெரியப்பா ஒருவரைத் தோண்டப்போனபோது இரண்டு தீவு தள்ளித்தான் கிடைத்தார், கையில் தூண்டிலோடு. நல்ல மீன் அங்கேதான் என்று தெரிந்து போயிருக்கிறார்.

வளைவுக்குள் குனிந்து போனோம். உள்ளே பச்சைத் தண்ணீர், மேலே கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம். வெளிச்சம் முழங்கால் அளவு இருந்தது. வெயில் ஒரு துளி இல்லை. ஒரு பாறைத் தட்டில் ஹென் மல்லாந்து கிடந்தாள். தலை முதல் கால் வரை வரிசையாக, வெள்ளையாக, ஈரமாக. யாரும் அடுக்க வேண்டிய வேலையே இல்லை. சில எலும்புகள் மட்டும் சுவரோடு ஒட்டிப்போயிருந்தன. மோய் நங்கூரக் கல்லால் தட்டி எடுத்துக் கொடுத்தான்.

நான் ஒவ்வொன்றாகச் சாராயத்தில் கழுவினேன். தொடை எலும்பு, விலா, விரல். விரல்கள் பதினொன்று வந்தன. இவள் பாதிப் பொழுதும் சிப்பி பிரிக்கிற வேலை செய்தவள், ஒன்று கூடுதலாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தாடையைக் காணோம்.

“தாடை இல்லாம எப்படி அனுப்புறது?” என்றான் மோய். “அக்காவுக்கு அதுதான் ஆயுதம்.”

தேடினோம். எட்டு முழம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி கிடந்தது. யாரோடோ வாய்ச்சண்டைக்குப் போயிருக்கிறது.

அழுகை வரும் என்று ஒரு துண்டு கொண்டுபோயிருந்தேன். வரவில்லை. அந்தத் துண்டால் பெட்டியின் ஓரத்தைத் துடைத்தேன். கைகள் மரத்திருந்தன. தண்ணீர் அவ்வளவு குளிர். மோய் ஊதுவத்தி ஏற்றப் பார்த்தான், தீக்குச்சி நனைந்திருந்தது. கையைக் கூப்பிக்கொண்டு, “அக்கா, நான் வந்தப்ப நீ இல்ல. இப்ப வந்துட்டேன். கோவிச்சுக்காத,” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னான். சொன்னதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பைத் தேடினான். துடுப்பு அவன் கையில்தான் இருந்தது.

வெளியே படகு ஊதியது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. வளைவுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம். ஓடத்தில் இருவரும் மல்லாந்து படுத்து, கூரையைக் கையால் தள்ளித் தள்ளி வெளியே வந்தோம். அதுவரை என் மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம்.

சுற்றுலாப் படகில் அந்தச் சீருடைப் பெண் ஐஸ் பெட்டியை வாங்கப் போனவள், கனத்தில் தடுமாறினாள். உள்ளே போய்ப் பெரிய குடை ஒன்றை எடுத்துவந்து, கரை வரும்வரை அதற்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் யாரையோ இப்படிக் கொண்டுவந்திருக்க வேண்டும். பக்கத்து அம்மாள் உள்ளே என்ன பியரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் பொழுது இன்னும் ஒரு கைப்பிடி மிச்சமிருந்தது. தாம் சிவப்புத் துணி வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்து பார்ப்பது மகளின் உரிமை, அவள் திறக்கவில்லை. துணியைச் சுற்றி இரண்டு கையாலும் தூக்கினாள், பிறகு கீழே வைத்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, அம்மா இவ்ளோ கனமாவா இருந்தா?”

“தண்ணியில கெடந்தவ. ஊறியிருப்பா.”

அவள் என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவளுக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. “சரிப்பா. ஒரு பக்கம் பிடிங்க,” என்றாள். இருவரும் சேர்ந்து இறக்கினோம். மண்ணை அவளே தள்ளினாள். அன்றிலிருந்து அவள் கனவில் யாரும் வந்து நிற்பதில்லை. கன்னத்தில் சதை வைத்திருக்கிறாள். ஹென்னின் நினைவு நாளுக்குக் கோழி அவித்து, எனக்குக் கால் துண்டு ஒதுக்கி வைக்கிறாள்.

ஹென்னைப் புதைத்த மணல், அவள் இறந்த மறு வருடம் அடித்த புயலில், அதில் கிடந்ததையெல்லாம் சேர்த்து ஒரு பிடி மிச்சமில்லாமல் கடலோடு போய்விட்டது.