மாவுக்குப் போர்த்திய கம்பளி

கல்பனாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சென்னையிலிருந்து மாற்றலாகிக் கல்கத்தா லேக் கார்டன்ஸுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் கட்டடத்து வங்காளிப் பெண்களுக்கெல்லாம் அவள் செல்லம். பதினெட்டு வருஷமாக இருக்கிற என்னிடம் லிஃப்டில் ஒரு தலையசைப்போடு சரி. போதாததற்கு, என்னைவிட ஆறே வயது சின்னவள் என்னை மாமி என்கிறாள்.

ஜனவரியில் பள்ளி விழா. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் ஒரு கிராமப் பள்ளிக்கு வகுப்பறை கட்டப் பணம் திரட்டினார்கள். பெற்றோர் கடை போட வேண்டும். எந்தக் கடையில் அதிக வசூலோ, அந்த வீட்டுப் பிள்ளை அந்தக் கிராமத்துக் குழந்தைகளோடு திரையில் ஐந்து நிமிடம் பேசலாம். என் பெண் ரோஹிணி அங்கே சிகோண்டி என்ற பெண்ணுக்கு ஒரு வருஷமாகக் கடிதம் எழுதுகிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. "நம்ம இட்லிதானே ஃபர்ஸ்ட் வரும்?" என்று தினமும் கேட்டாள்.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் கல்பனா போன் செய்தாள். அவள் பிள்ளையும் அதே பள்ளிதான்; அவளும் இட்லிக் கடைதானாம்.

"மாவு எப்போ அரைக்கணும் மாமி? இந்தக் குளிர்ல பொங்குமான்னு பயமா இருக்கு."

கல்கத்தா ஜனவரியில் மாவு தானாகப் பொங்காது. இரண்டு நாள் முன்பே அரைத்து, கம்பளி போர்த்தி வைக்க வேண்டும். நான் இங்கே வந்த வருஷம் கல்லு கல்லாக இட்லி தின்று நானே கற்றுக்கொண்டது. எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"முதல் நாள் ராத்திரி அரைச்சா போறும். மெட்ராஸ் மாதிரியேதான்," என்றேன். சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது.

எங்கள் அண்டாக்களுக்கு வீட்டுக் கம்பளிகள் போதவில்லை. ரோஹிணி தன்னுடையதையும் கொண்டுவந்தாள். "சிகோண்டிக்குத்தானே," என்று சொல்லிவிட்டு, இரண்டு ராத்திரியும் ஸ்வெட்டரோடு சுருண்டு படுத்தாள்.

விழாவன்று என் இட்லி பூப்போல வந்தது. எதிர்க் கடையில் கல்பனா, பொங்காத மாவைப் பார்த்துக்கொண்டு அழாத குறையாக நின்றாள். அப்போது எங்கள் மூன்றாம் மாடி மிதாலி தீதி வந்து மாவைக் கிளறிப் பார்த்தாள். புளிக்காத அரிசியும் உளுந்தும். சங்கராந்திக்கு வங்காளி வீடுகளில் சுடும் சொருசாக்லி தோசைக்கு இதுதானே வேண்டும் என்றாள். தண்ணீர் விட்டுக் கரைத்தாள், தோசைக்கல்லில் மெல்லிசாக இழுத்தாள், மேலே புது ஈச்ச வெல்லப் பாகை ஊற்றினாள். அரை மணியில் வரிசை பள்ளி வாசலைத் தொட்டது.

என் இட்லியில் பாதி அப்படியே கிடந்தது.

முதல் இடம் அறிவித்ததும் கல்பனா மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். பிறகு என்னைத் தேடிப் பார்த்து, தமிழில் சொன்னாள்: "முதல் நாள் அரைச்சா போறும்னு வத்சலா மாமிதான் சொன்னா. முன்னாடியே அரைச்சிருந்தா புளிச்சுப்போயிருக்கும், இது வந்தே இருக்காது. ரொம்ப தேங்க்ஸ் மாமி."

கேலி இல்லை. அவள் நிஜமாகவே நன்றி சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரை ஒளிர்ந்தது. கல்பனாவின் பிள்ளை சைதன்யா அதன் முன்னால் போய் நின்றான். அந்தப் பக்கம் மண் சுவர் ஓரமாகக் குழந்தைகள். கடைசி வரிசையில் ஒரு பெண் 'ரோஹிணி' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். சைதன்யா அதைக் கவனிக்காமல் கிரிக்கெட் பற்றிப் பேசினான். ஐந்து நிமிடம் முடியும் வரை அவள் அட்டையை இறக்கவில்லை.

திரை அணைந்த பிறகு ரோஹிணி என் பக்கம் திரும்பினாள். அழவில்லை.

"முதல் நாள் அரைச்சா போறும்னா, நம்ம மாவுக்கு மட்டும் எதுக்கும்மா என் கம்பளி?"