பன்னிரண்டு முறை திறந்த குடுவை

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தது போதாதென்று, ஓரகத்திகள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேசைகளில் வேலை பார்த்தார்கள். மூத்தவளிடம் சோயா எண்ணெயின் கழிவிலிருந்து எடுத்த, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டீரால். இளையவளிடம் காளான் தண்டிலிருந்து எடுத்த ஸ்டீரால். இரண்டும் எண்ணெயில் எளிதில் கரையாத வெண்பொடிகள். நொதியைக் கொண்டு அவற்றைக் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்துவிட்டால், ரொட்டியில் தடவும் கொழுப்பில் நறநறப்பின்றிக் கலந்துவிடும். மாலை நான்கு மணிக்குள் எவள் கலவை தெளிகிறதோ, அவளே அதைத் தயாரிக்கப்போகும் ஆலைக் குழுவுக்குத் தலைவி.

இளையவளின் குடுவை நண்பகலிலேயே தேன்போல் தெளியத் தொடங்கியது. மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. காற்றை உறிஞ்சும் பம்பை நிறுத்தித் தன் குடுவையைத் திறந்து பார்த்தாள். மோர்போல் கலங்கிக் கிடந்தது. மூடினாள். எதிர்மேசையை நோக்கினாள், மறுபடியும் திறந்தாள்.

"அக்கா, சாப்பிட வரலையா?"

"நீ போம்மா. உனக்கென்ன, உன் குடுவை தானா வேலை செய்யுது!"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நல்ல நொதியை இளையவள் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டாள் என்றே மூத்தவள் முடிவுகட்டினாள். இளையவள் தலை மறைந்ததும், பிற்பகலில் சேர்ப்பதற்காக இரு மேசைகளிலும் இருந்த நொதிச் சீசாக்களை இடம் மாற்றி வைத்தாள்.

நான்கு மணிக்கு இயக்குநர் வந்தார். இளையவளின் கலவை பளிங்காக நின்றது. மூத்தவளுடையது கலக்கம் மாறவில்லை. அவர் அழுத்தமானியின் வரைபடங்களை எடுத்துப் பார்த்தார்.

"இவங்களோடதுல ஒரே மேடு, நொதி சேர்க்கத் திறந்தது. உங்களோடதுல பன்னெண்டு! நட்ட விதைய முளைச்சுதான்னு தோண்டித் தோண்டிப் பார்த்த குரங்கு கதையால்ல இருக்கு? திறக்கிறப்பெல்லாம் ஈரக்காத்து உள்ளே போகும். தண்ணி சேர்ந்தா பிணைஞ்சது பிரிஞ்சுடும். உங்களுக்குத் தெரியாததாம்மா?"

தெரியாதா! இளையவள் வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே அதைச் சொல்லிக்கொடுத்தவள் மூத்தவள்தானே.

"ஆலைக்கு நீங்க கிளம்புங்க" என்று இளையவளிடம் சொல்லிவிட்டு இயக்குநர் போனார்.

மூத்தவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நொதிச் சீசாவ மாத்தி வெச்சேன். நான்தான்."

"மாத்தினா என்னக்கா? ரெண்டும் ஒரே டப்பாதான். காலையில நான்தானே பாதிப் பாதியா நிறுத்து வெச்சேன். வாங்க, கடையில சொல்லி வெச்ச டீ ஆறிடப் போகுது."

இளையவள் சீறியிருந்தால் மூத்தவள் தாங்கிக்கொண்டிருப்பாள். சீறக்கூடத் தோன்றாத அந்த மனமும் இளையவளுக்கே வாய்த்துவிட்டதே என்றுதான், டீக்கடை வரையிலும் மூத்தவளின் வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை.