அகலக் கழுத்துக் கிதார்

தாராவியில் ரேஷன் கார்டு வந்த வருஷம் மன்சூர் அலியின் இடது கையில் ஆறாவது விரல் முளைத்தது. அடுத்த வருஷம் ஏழாவது, அதற்கடுத்த வருஷம் எட்டாவது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை கொஞ்சம் அகலும், குழந்தைக்குப் பல் வருகிற ஈறு போலத் தினவெடுக்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் நகம் உட்பட முழு விரலாக நிற்கும். ஏழாவது விரல் வந்தது துறைமுகத்தில் கப்பல் வெடித்த வாரம். ஊரே உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்ததால் ஒரு விரலை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. புதிதாக வந்தவை எல்லாம் குட்டை, கொழுகொழுவென்று இருந்தன, தோல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டிய காய்ப்பு ஒன்றில்கூடக் கிடையாது.

மேலப்பாளையத்திலிருந்து வந்து அப்துல் வாஹித் முதலாளியின் தோல் பட்டறையில் பட்டாளத்துக்கு பெல்ட்டும் தோட்டாப் பையும் தைத்துக்கொண்டிருந்தவன் மன்சூர் அலி. ஆரம்பத்தில் முதலாளிக்குச் சந்தோஷம்தான். மற்றவர்கள் இரண்டு விளிம்பைச் சேர்த்துப் பிடிக்கிற நேரத்தில் இவன் நாலைப் பிடித்தான். ஆனால் சில மாதத்திலேயே கை சும்மா இருக்க மறுத்துவிட்டது. பலகை, தண்ணீர்க் குடம், டிராமில் பக்கத்தில் இருப்பவரின் தோள் என்று அகப்பட்டதன் மேலெல்லாம் விரல்கள் அழுத்தின, எடுத்தன, இடம் மாறி மறுபடி அழுத்தின. சொந்த விரல்கள் ஐந்தும் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்துவிட்டு, பிறகு புது விரல்களின் பழக்கத்தையே பிடித்துக்கொண்டன. தொழுகையில் பக்கத்து வரிசைக்காரர் பாதியில் எழுந்து இடம் மாறினார். குடியிருந்த இடங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் நாலு வருஷத்தில் ஐந்து வீடு மாறினார்கள்.

அவன் மனைவி சைனப் அந்தக் கையைத் துணியால் கட்டிப் பார்த்தாள், துணிக்குள் தட்டியது. அம்மிக்கல்லை மேலே வைத்துப் பார்த்தாள், அம்மி அசைந்தது. கடைசியில் தன் முதுகையே அதற்குக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தட்டும்.

"ஏங்க, இந்தக் கை என்னதான் கேக்குது? எதையாவது கேக்குதுல்லா? கேட்டுச் சொல்லுங்களேன். நான் ஒறங்கி எத்தன வருசமாச்சு," என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா புள்ள?" என்றான் மன்சூர் அலி. அவனும் அதே கணக்கு வருஷம் தூங்காதவன்தான். கண்ணுக்குக் கீழே தோல் பதனிட்ட மாதிரி கறுத்திருந்தது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. மாஹிம் ஓடை வரைக்கும் நடப்பான், திரும்புவான், சாப்பாட்டில் பாதியில் எழுந்து மறுபடி நடப்பான். ஆஸ்பத்திரியில் வெட்டிவிடலாம் என்றார்கள். இவனும் சரியென்று கையை நீட்டினான். கத்தியைக் கண்டதும் விரல்கள் மொத்தமும் மடங்கி முஷ்டியாகிவிட்டன. டாக்டரும் இரண்டு சிப்பந்திகளும் சேர்ந்து இழுத்தும் திறக்கவில்லை. மூன்று நாள் அப்படியே இருந்துவிட்டு, பட்டறைக்கு வந்தபின்தான் விரிந்தன.

ஒன்பதாவது விரலும் வந்த பிறகு, தோபி தலாவிலிருந்து சல்தானா என்ற கோவாக்காரர் தன் கிதாருக்கு ஒரு தோல் உறை தைக்க வேண்டுமென்று பட்டறைக்கு வந்தார். அளவெடுப்பதற்காக மன்சூர் அலி அதன் கழுத்தைப் பிடித்தான். கை நின்றுவிட்டது. பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த மிஷின் திடீரென்று நின்றதுபோலப் பட்டறையில் எல்லோரும் தலை தூக்கினார்கள். பிறகு விரல்கள் தந்திகளின் மேல் ஏறின. ஆனால் கழுத்தின் அகலம் ஐந்து விரலுக்கானது. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, விளிம்பில் தொங்கி, காற்றை அழுத்தின. கழுத்தின் குறுக்கே பதித்திருந்த கட்டைக்குக் கட்டை தூரமும் அந்தக் குட்டை விரல்களுக்கு எட்டவில்லை. மன்சூர் அலிக்குத் தன் கையைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சல்தானா சங்கீதக்காரர் என்பதால் விரல்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உன் கைக்கு இது சரிப்படாது, பாய். கழுத்து இதைப்போல ரெண்டு மடங்கு அகலம் வேணும். தந்தி நீளம் குட்டையா இருக்கணும். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இருந்தால் அது யாரோ ஒருத்தருக்காகவே செய்ததாக இருக்கும்," என்றார்.

அன்று ஆரம்பித்த தேடல் இரண்டு வருஷம் நடந்தது. தோபி தலாவ் கடைகள், சோர் பஜார், பாண்டு வாத்தியக்காரர்களின் கொட்டகைகள் எல்லாம் அலைந்தான். சிதார் அகலமாக இருந்தது, நீளம் ஒத்துவரவில்லை. மாண்டலின் குட்டையாக இருந்தது, அதன் கழுத்தில் மூன்று விரலுக்குமேல் நிற்க இடமில்லை. மாட்டுங்காவில் ஒரு ஆசாரி பலாக்கட்டையில் செய்து கொடுத்தான். தந்தி முறுக்கிய உடனே அது நடுவில் பிளந்தது. கலவரமும் ஊரடங்கும் வந்தபோது கடைகள் மூடிக் கிடந்தன, இவன் மட்டும் மூடிய கதவுகளின் முன்னால் நின்று நின்று திரும்பினான். நாடு இரண்டான ஆகஸ்டில் பத்தாவது விரல் முளைத்தது.

அடுத்த தையில் கராச்சியிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்தார்கள். செம்பூரில் பட்டாளம் காலி செய்துபோன நீளக் கொட்டகைகளில் அவர்களை வைத்தார்கள். அறுந்துபோன பெட்டி வார்களையும் படுக்கைக் கட்டின் பட்டைகளையும் தைத்துக் கொடுக்க ஆள் கேட்டு முகாமிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

"ஏலே மன்சூரு, நீ போ. ஆனா அங்க ஒம்பேரச் சொல்லாத. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க, மனசு எப்படி இருக்கும்னு தெரியாது. மணின்னு சொல்லு," என்றார் அப்துல் வாஹித்.

மணி என்ற பெயரோடு, இடது கையைச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். கொட்டகைக்குள் சேலைகளைக் கட்டிக் குடும்பம் குடும்பமாகத் தடுத்திருந்தார்கள். பட்டப்பகலில் எல்லோரும் விழித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். படுத்தவர்களும் கண் மூடவில்லை. கப்பலேறியதிலிருந்து யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று வாசலில் நின்ற ஆள் சொன்னான்.

ஏழாவது தடுப்பில் ஒரு கிழவரும் அவர் மகளும் இருந்தார்கள். மகள் பெயர் கலாவந்தி, முப்பதுக்குள் இருக்கும். கிழவர் காட்டிய பெட்டியின் பக்கத்தில், ஜமக்காளத்தில் பாதி சுற்றிய ஒரு கிதார் சாய்ந்திருந்தது. கழுத்து அரைச் சாண் அகலம். தந்தி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. மன்சூர் அலி பார்ப்பதற்கு முன்பே கை பார்த்துவிட்டது. சாக்குத் துணியை உதறிக்கொண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு போய் அந்தக் கழுத்தைப் பிடித்தது. பத்து விரலும் இடித்துக்கொள்ளாமல் தந்திகளின் மேல் வரிசையாக உட்கார்ந்தன.

"தொடாதே!" என்று கிழவர் கத்தினார்.

கலாவந்தி கத்தவில்லை. கிட்டே வந்து குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். ஆறாவது விரலைத் தொட்டு, "முன்னி," என்றாள். அது மடங்கி நிமிர்ந்தது. அடுத்ததைத் தொட்டு, "கோபி," என்றாள். அதுவும் மடங்கியது. ஐந்தையும் பெயர் சொல்லி அழைத்து முடித்துவிட்டுத் தன் இடது கையைக் காட்டினாள். அதில் ஐந்து விரல் இருந்தது. பிறந்தபோது பத்து என்றாள். அப்பா வாத்தியக் கடைக்காரர், அவள் கைக்கென்றே இந்தக் கிதாரைச் செய்யச் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒன்று உதிர்ந்தது, பூ உதிர்கிற மாதிரி, ரத்தமில்லாமல். பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தாள், காலையில் பஞ்சு மட்டும் இருந்தது. அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. எல்லோரையும்போல ஆகிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். அவள் அன்றோடு வாசிப்பதை நிறுத்தினாள்.

"உன் பேர் என்ன?" என்று கேட்டாள்.

"மணி."

"இதுகளைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லாதே."

அவன் சொன்னான். தடுப்புச் சேலைகளுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கிழவர் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "என் கடைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டவன் பேரும் மன்சூர்தான்," என்றார்.

"அவன் வேறு, இவர் வேறு. முன்னி இவரிடம் வந்து சேர்ந்த வருஷம் கடை நம்மிடம்தான் இருந்தது, பாபா," என்றாள் கலாவந்தி.

மன்சூர் அலி கையை நீட்டி, "எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரி. நான் கேட்டு வாங்கவில்லை," என்றான். அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் அங்கேயே இருக்கட்டும், கிதார் முகாமைவிட்டு வெளியே போகாது, வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வா என்றாள். "வரட்டும்," என்று கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட சைனப் எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப அஞ்சு வருசமா என் முதுவுல கெடந்தது ஒரு பொம்பள வெரலா? யாரு அவ? நானும் வாறேன், ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாறேன்." ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் வண்டி மாறும்போதும் கேட்க வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள்.

கொட்டகையில் அவள் வாய் திறப்பதற்குள் கலாவந்தி இருவரையும் ஜமக்காளத்தில் உட்கார வைத்துவிட்டாள். இடது கை தந்தியை அழுத்தியது. மன்சூர் அலியின் வலது கை மீட்டியபோது சுத்தியல் சத்தம்தான் வந்தது, தோலடித்துப் பழகிய கை அது. கலாவந்தி அந்தக் கையை நகர்த்திவிட்டு, அவன் பக்கத்தில் நெருங்காமல் முழங்காலிட்டு, தன் வலது கையை நீட்டி மீட்டினாள். அழுத்தியது அவன் கை, மீட்டியது அவள் கை. வந்த பாட்டு எந்த ஊர்ப் பாட்டென்று தாராவிக்காரர்களுக்குத் தெரியவில்லை. கிழவருக்குத் தெரிந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது பாட்டில் சைனப் சுவரில் தலையைச் சாய்த்தாள். கேட்க வந்த கேள்வி வாயில் இருக்கும்போதே உறங்கிப்போனாள். மூன்றாவது பாட்டில் மன்சூர் அலியின் தலை மார்பில் விழுந்தது. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, அவன் குறட்டைவிட்டான். எழுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். கிழவர் உதட்டில் விரல் வைத்தார். சற்று நேரத்தில் அவரும் படுத்துவிட்டார். பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டிருந்த குழந்தையைக் கொண்டுவந்து சைனப்பின் மடியில் போட்டாள். அது இரண்டு கொட்டாவி விட்டு அடங்கியது. அவளும் அங்கேயே சரிந்தாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை, வேறு கொட்டகைகளிலிருந்தும் ஜனங்கள் தலையணையோடு வந்திருந்தார்கள்.