சண்முகசுந்தரியின் சுமைதாங்கி

செய்துங்கநல்லூருக்குக் கிழக்கே பொட்டலில் நிற்கும் சுமைதாங்கியில் இறக்கி வைத்த சுமை, திரும்பத் தூக்கும்போது கால் பங்கு குறைந்திருக்கும் என்பதை முதலில் கண்டுகொண்டவள் மணப்பாட்டுக் கருவாட்டுக்காரி ரோசம்மாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். நெத்திலி வைத்தது வைத்தபடி இருந்தது. பாளையங்கோட்டைச் சந்தையில் தராசில் ஏற்றியபோதும் எடை சரியாகவே நின்றது. அவள் கழுத்துக்கு மட்டும்தான் குறைந்திருந்தது. உடன்குடியிலிருந்து கருப்பட்டி சுமந்து வருகிறவர்களும் அதையே சொன்னார்கள். கருப்பட்டி விலை கண்டபடி ஏறிய வருஷம் அது. ஜனங்கள் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்தச் சுமைதாங்கியை நட்டவர் தாலுகா போர்டு ரோட்டு ஓவர்சியர் அம்மையப்பன். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகிறவள் அந்தப் பாரத்தோடேயே அலைவாள் என்பதும், அவள் பேரில் நட்ட கல்லில் வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க வைக்க அவளுடைய சுமையும் இறங்கும் என்பதும் இந்தப் பக்கத்து நம்பிக்கை. இரண்டு கல்லை நிறுத்தி, மூன்றாவதைக் குறுக்கே படுக்கப்போட்டு, யார் துணையும் இல்லாமல் தலையிலிருந்து சுமையை அப்படியே நகர்த்தி வைக்கிற உயரத்தில் கட்டுவார்கள். அம்மையப்பனின் மனைவி சண்முகசுந்தரி வளைகாப்பு முடிந்து, ஸ்ரீவைகுண்டத்துத் தாய்வீட்டுக்கு வண்டியில் போனபோது, குரோதி வருஷம் சித்திரை மாதத்து உச்சிவெயிலில் இந்தப் பொட்டலில் வலி கண்டாள். வண்டியை அவிழ்க்க ஒரு மரம் கிடையாது. தண்ணீர் கேட்டாள். ஆறு வடக்கே ஒரு மைல். வண்டிக்காரன் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் திரும்பி வந்தபோது அதைக் குடிக்க ஆள் இல்லை.

அதற்கு முந்தின வருஷம் இதே வழியில் போகும்போது, "இங்கன நாலு மரம் வச்சா என்னவாம்? ரோடு முச்சூடும் உங்க கையிலதான இருக்கு" என்று அவள் கேட்டிருந்தாள். "அடுத்த வருஷம் பாப்போம்ளா" என்று அவர் சிரித்தார். அந்த வருஷத்துக் கன்றுகள் அத்தனையும், துரைமார் வந்து தங்குகிற பங்களாவுக்குப் போகிற ரோட்டில் நட்டாகிவிட்டன. நட்டவர் இவர்தான். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் பதில் பேசியாவது ஆறியிருப்பார், பாவம்.

காரியம் முடிந்த கையோடு பொட்டலில் வேலையை ஆரம்பித்தார். பித்துப் பிடித்துச் செய்தார் என்று சொன்னவர்கள் உண்டு. பித்துப் பிடித்தவர்களுக்கு அவ்வளவு நேர்த்தி வராது. நிழலைத்தான் அவர் முதலில் தரையில் சுண்ணாம்பால் வரைந்தார், மரத்தைப் பிறகுதான் யோசித்தார். உச்சிவேளையில் சுமைக்காரர்கள் உட்கார ஒரு நிழல், வெயில் சாய்ந்தபின் மாடுகளை அவிழ்த்துக் கட்ட ஒரு நிழல், பெண்பிள்ளைகள் ஒதுங்கியிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நிழல். எந்த நிழலுக்கு எந்த மரம் என்று கணக்குப் பண்ணி மருதும் புங்கையும் புன்னையும் இலுப்பையும் நட்டார். மாடு குடிக்கக் கல்தொட்டி வைத்தார், உரசிக்கொள்ள ஒரு கல் நட்டார். ரோட்டில் விழுகிற மழைத் தண்ணீர் வீணாகாமல் நடுவே வந்து சேரும்படி மண்ணைச் சரித்துவிட்டார். கன்றுகளுக்குத் தினமும் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார். வீட்டில் ஆள் இருந்தும் குடத்தை யாரையும் தொட விடவில்லை.

கன்றுகள் மரமாக நாலைந்து வருஷம் ஆனது. சுமை குறைகிற சங்கதி ஊருக்குத் தெரிந்த பிறகு, சும்மா போகிறவன்கூட ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தான். அப்போதுதான் கல் தாழ்கிறது என்பதை ஓவர்சியர் கவனித்தார். ஆள் உயரம் இருந்தது தோளுக்கு வந்தது, தோளிலிருந்து நெஞ்சுக்கு வந்தது. சுற்றிலும் மண் குழிந்து, கடலை வறுக்கிற சட்டி மாதிரி ஆனது. குறைகிற பாரமெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவள் சுமை இறங்கட்டும் என்று கல் நட்டால், கடற்கரைக் கருவாடும் உடன்குடிக் கருப்பட்டியும் அவள் வயிற்றின் மேலல்லவா ஏறியிருக்கிறது! அன்றைக்கு அவர் வாய்விட்டு அழுதார். மறுநாள் உடைமுள்ளை வெட்டி வந்து கல்லைச் சுற்றி அடைத்தார். தாம் எப்போதும் போலக் குடத்தை எட்டத்தில் தரையிலேயே இறக்கினார்.

முள் அடைத்தது முதல் கல் தாழவும் இல்லை, உயரவும் இல்லை. மரங்களில் ஒரு இலை உதிரவில்லை, ஒரு தளிர் விடவில்லை. பங்குனி வந்தும் புங்கை பூக்கவில்லை. மைனாக்கள் முட்டையிட்டு அடைகாத்தபடியே இருந்தன, ஒன்றும் பொரிக்கவில்லை. இப்படி ஒரு வருஷம் போனது. சுமைக்காரர்கள் ஓவர்சியரைத் திட்டிக்கொண்டே, கழுத்து நோக நடந்தார்கள்.

ரோசம்மாளுக்குப் பயம் கிடையாது. ஒருநாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முள்ளை விலக்கி, கல்லில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு குடத்தோடு வந்த ஓவர்சியரை வழிமறித்தாள்.

"ஐயா, அவளுக்கு வலி நின்னு போச்சு. நீங்கதான் நிப்பாட்டி வச்சிருக்கீய."

"அவ செமந்தது போதாதா? இன்னமும் ஊரு பாரத்தயெல்லாம் அவ தலையில கட்டணுமா?"

"நான் ஆறு பெத்தேன். ஆறும் இந்தப் பெட்டியச் செமந்து நடந்துதான் பெத்தேன். பிள்ளத்தாச்சிய வேல வாங்காம மூலையில உக்கார வச்சா பிள்ள எப்படிய்யா எறங்கும்? அவ தாழுதது பாரத்துனால இல்ல. முக்குதா." அவள் குடத்தைப் பார்த்தாள். "எல்லா மரத்துக்கும் ஊத்துதீய. அவளுக்கு என்னைக்காவது ஒரு வாய் குடுத்தீயளா?"

ஓவர்சியர் குடத்தை இறக்கி வைத்தார். பிறகு வெறுங்கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டார். குடத்தைப் பைய கல்லின் மேல் வைத்தார். அந்தக் கல்லில் அவர் வைத்த முதல் சுமை அதுதான். சற்றுக் கழித்துத் தூக்கினால் குடம் காலி. கல் காய்ந்திருந்தது, ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை. அடுத்த குடமும் காலியானது. பொழுது சாயும்வரை ஆற்றுக்கும் பொட்டலுக்குமாக நடந்தார். கொண்டுவந்ததெல்லாம் குடித்துவிட்டாள். "இவ்வளவு தாகத்தையா வச்சுக்கிட்டிருந்தே" என்று கல்லைக் கட்டிக்கொண்டு கேட்டார். ரோசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுமைகள் மறுபடியும் கல்லில் ஏறின. கல் மறுபடியும் தாழ்ந்தது. ஐப்பசி மழைக்கு ஓவர்சியர் சரித்துவிட்ட தண்ணீரெல்லாம் அந்தக் குழியில் வந்து நின்று குளமானது. நாரை வந்தது, முக்குளிப்பான் வந்தது. கார்த்திகையில் கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, மார்கழியில் அதுவும் மறைந்தது. தை மாதம் ஒரு உச்சிவேளையில், இருபது பேர் நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கல் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து பழைய உயரத்துக்கு வந்து நின்றது. அதே நேரம் புங்கை மரத்தடியில் பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பிள்ளையைக் காணவில்லை. குரல் மட்டும் நல்ல கணீரென்று இருந்தது. "பொட்டப்பிள்ள" என்றாள் ரோசம்மாள், சத்தத்தை வைத்தே. தன் மாற்றுச்சேலையைக் கிழித்து, பால் கொடுக்க ஒதுக்கிய அந்த நிழலில், புங்கைக் கிளையில் தொட்டில் கட்டினாள். ஆட்டியதும் அழுகை நின்றது.

அதன் பிறகு, தண்ணீர் வடிந்ததும், அந்தக் கல்லில் வைத்த சுமை குறையவில்லை. வைத்தது வைத்த பாரத்தோடு திரும்பத் தலைக்கு வந்தது. யாரும் அதற்காக வருத்தப்படவில்லை. போகிற வருகிறவர்கள் தொட்டிலை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நடந்தார்கள். காயல்பட்டினத்து வியாபாரிகள் கையில் கிடைத்த பேரீச்சம்பழத்தை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைக் குரல் கேட்ட அன்றே ஓவர்சியருக்குச் செய்தி போய், சாயங்காலமே தலைதெறிக்க ஓடிவந்தார். தொட்டிலுக்குள் குனிந்தார். காதைக் கொடுத்தார். அழுகை பொட்டல் முழுக்கக் கேட்டது. மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கேட்கிறது என்று பொய் சொல்லவும் அந்த மனுஷருக்குத் தெரியவில்லை.

பென்ஷன் வாங்கிய பின்பு அவர் பொட்டலோடேயே இருந்துவிட்டார். ஜெர்மன் சண்டை முடிந்து, விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷத்திலும் அவர் அங்கேதான் இருந்தார். மரங்கள் அவர் சுண்ணாம்பால் வரைந்த கோட்டுக்கு இம்மி பிசகாமல் நிழல் போட்டன. உச்சிவேளையில் புங்கைக்கு அடியில் உட்கார்ந்து தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். யாராவது சுமையை இறக்க வந்தால், "அழுகாளா?" என்று கேட்பார். "அழுகா ஐயா" என்றால் ஆட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" என்பார். "ஒறங்கிட்டா" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கயிற்றை விடுவார்.