கொம்பி வேனின் இடது கதவுக்குக் கீழே

1

இந்தக் கதை பிறந்தது ஒரு ஓட்டையில். மற்றவர்களுக்குக் கதை மழையில் வருமாம், கனவில் வருமாம். எனக்கு ஐம்பது வருடப் பழைய வேனின் இடது கதவுக்குக் கீழே, துரு தின்ற உள்ளங்கை அளவு ஓட்டையில் வந்தது.

கதையின் ஆள் சுந்தரலிங்கம். கொழும்பு, கொட்டாஞ்சேனை. வாகனங்களைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்துக்குப் பட்டிப் பசை பூசி, பெயின்ட் அடிப்பவர். அவர் நானில்லை. முழங்கால் வலி மட்டும் என்னுடையது. அவருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன்.

2

தொடக்கம் மூன்று தரம் எழுதினேன்.

வெள்ளவத்தைக் கடலில் சூரியன் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த —

(நிறுத்தியாயிற்று. அந்த நேரம் சுந்தரலிங்கம் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். சூரியன் எந்தப் பக்கம் இறங்கினால் அவருக்கென்ன?)

ஷிஹான் ஈவிரக்கமில்லாத ஒரு முதலாளி —

(பொய். வேனின் சொந்தக்காரர் ஷிஹான் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப் புரியாணியில் கோழிக்கால் வைத்துக் கொடுப்பார். ஈவிரக்கமில்லாதவன் கோழிக்கழுத்தைத்தான் கொடுப்பான்.)

மூன்றாவது, நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது. இதைவிட நல்லது வரவில்லை.

3

கொம்பி என்றால், படுத்துறங்கிப் பயணம் போகிற வேன். பின்னால் கட்டில், கழுவுதொட்டி, முட்டி உயரத்தில் ஒரு அடுப்பு. "பழமை குலையாமல் பரிவோடு புதுப்பித்தது" என்று ஷிஹான் விளம்பரம் போட்டிருந்தார். நைந்த திரைச்சீலை, சிகரெட் சுட்ட இருக்கை, வெடித்த ஸ்டீரிங், எல்லாவற்றுக்கும் பரிவு. துருவுக்கும்.

"அண்ணே, புதுத் தகடு ஒண்டும் போட வாணாம். பழைய வேன் பழசாவே ஈக்கோணும்."

"மொதலாளி, அங்க தகடே இல்லீங்களே. வெறும் ஓட்டைங்க."

"ஓட்டையும் ஒரிஜினல்தானே?"

"அப்ப ஓட்டையாவே விட்டுரவா?"

"சீ! வாங்க வாற ஆக்களுக்கு வெளங்கப்படாது."

புதுத் தகடு கூடாது, ஓட்டையும் தெரியக் கூடாது. சுந்தரலிங்கம் பழைய பேப்பர் ஒன்றைக் கசக்கி உள்ளே திணித்தார். மேலே பட்டி. அதற்கு மேலே கிரீம் நிறப் பெயின்ட். கன்னம் மாதிரி வழுவழுவென்று வந்தது.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு. அடியில் இடம் போதாததால் நடுவிலேயே போடுகிறேன். பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடிகளுக்குப் பழைய பேப்பர் ஒட்டுவார்கள். பெயின்ட் காயும்வரை வேறு வேலையில்லை. சுந்தரலிங்கம் நாற்பத்தொன்பதாவது வயதில், பஸ் பலகைகளில் பழகிய எழுத்துகளை வைத்துக்கொண்டு, வாசிக்கக் கற்றது அந்தக் கண்ணாடிகளில்தான். தலைகீழாக ஒட்டிய பேப்பரையும் வாசிப்பார்; படித்தவர்கள் முயன்று பார்க்கலாம். கதைகள் என்றால் உயிர். ஆனால் ஒரு கதையின் முடிவையும் அவர் கண்டதில்லை. கடைசிப் பத்தியில் யாராவது பெயின்ட் அடித்திருப்பார்கள். பெரும்பாலும் அவரேதான்.

அன்று கையில் வந்த தாளில் ஒரு கதை முழுசாக இருந்தது. அடியில் "முற்றும்" கூட இருந்தது. கடலோடு போய்விட்டான் என்று நினைத்த கணவன் கதவைத் தட்டுகிறான். மனைவி ரஜனி தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அதுவரைதான் வாசித்தார். பட்டி குழைத்தாயிற்று, ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். ஒரு பத்தி வாசிக்க அவருக்குக் கால் மணித்தியாலம் வேண்டும். ரஜனியை ஓட்டைக்குள் திணித்துவிட்டார்.)

4

இந்த வேன் விலைப்பட்டால் ஹெந்தளையில் கிடக்கும் இன்னும் மூன்று பழைய வேன்களை ஷிஹான் எடுப்பார். சுந்தரலிங்கத்துக்கு மூன்று வருடம் நிழலில் வேலை. விலைப்படாவிட்டால் பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி சுமக்கவேண்டும். அந்த முழங்காலோடு. (என் முழங்கால். மறந்துவிட வேண்டாம்.)

5

பெயின்ட் காய்ந்து ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை ஹெவ்லொக் டவுனிலிருந்து அனுஷியா வந்தார். பல் டொக்டர்.

(முதலில் வக்கீலாக எழுதினேன். வக்கீல் பேசுவார். எனக்குத் தட்டிப் பார்க்கிற ஆள் தேவைப்பட்டது.)

"அண்ணை, நீங்கள்தானோ வேலை செய்தது?"

"ஆமாங்கம்மா."

"அடிபட்ட வேனோ?"

"வயசான வேனுங்க."

ஷிஹான் தேவைக்கு மேல் சிரித்தார்.

அனுஷியா கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற, அன்னாசிப்பழ வடிவக் காந்தம். "குறை நினைக்காதேங்கோ. ஓட்டை அடைக்கிறதுதான் என்ர தொழில். அடைச்ச இடம் எண்டால் கை சும்மா இராது."

தகட்டில் காந்தம் ஒட்டும், பட்டியில் விழுந்துவிடும். ஷிஹானுக்கு அது தெரியும். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

டக். முன் கதவில் ஒட்டியது. டக். நடுவில் ஒட்டியது.

"என்ர பிள்ளையள் ரெண்டும் பின்னுக்குப் படுத்துக்கொண்டு வருவினம். இந்த இடது கதவாலதான் ஏறி இறங்குவினம். பாசிக்குடாக் கடற்கரைக்குப் போய்ச் சேருமட்டும் தாங்குமோ, அண்ணை?"

பதில் சொல்லவேண்டியவர் சுந்தரலிங்கம். காந்தம் ஓட்டைக்கு ஒரு சாண் தூரத்தில்.

6

முடிவுகள் கைவசம் உண்டு.

ஒன்று: அனுஷியாவின் போன் அடிக்கிறது, காந்தம் பைக்குள் போகிறது, வேன் விலைப்படுகிறது. பாசிக்குடா போகிற வழியில், ஹபரணை தாண்டி, சின்னவள் தூக்கக் கலக்கத்தில் இறங்கக் கால் வைக்கிறாள், அப்போது —

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

இரண்டு: காந்தம் விழுகிறது. "எனக்கு இது தெரியவே தெரியாதே!" என்று ஷிஹான் வானத்தைப் பார்க்கிறார். சுந்தரலிங்கம் மீன் பெட்டிக்குப் போகிறார்.

மூன்று: சுந்தரலிங்கம் தானே வாயைத் திறக்கிறார். "அம்மா, அந்த எடத்துல வெறும் கடதாசிங்க." அனுஷியா சிரித்து, "புதுத் தகடு போடுங்கோ, நான் காத்திருக்கிறன்" என்கிறார். எல்லோருக்கும் புரியாணி.

(நல்ல முடிவு. அதனாலேயே நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

7

ஆகவே இப்படியே நிறுத்துகிறேன். ஷிஹான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுந்தரலிங்கத்தின் வாய் பாதி திறந்திருக்கிறது. உள்ளே, பட்டிக்குப் பின்னால், ஐந்து மாதமாக ரஜனி தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். வெளியே ஒருவன் தட்டிக்கொண்டே இருக்கிறான்.

அன்னாசிப்பழத்தைப் பிடியுங்கள். இனி உங்கள் கை.

பட்டியை உடைப்பதென்றால் மெதுவாக உடையுங்கள். பேப்பர் கிழியக் கூடாது. நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.