எட்டுப் புரி நரம்பு

டுவேன் தன் புதுத் தூண்டில் ரீலைக் கடை மேசைமேல் வைத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே இரைத்தொட்டியை எட்டிப் பார்த்தான். தொட்டிக்குள் குட்டி மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தன. மேசைக்குப் பின்னால் நின்ற ஐலா அவனைப் பார்க்கவில்லை, ரீலைத்தான் பார்த்தாள். தூண்டில் நரம்பு சுற்றாத வெறும் உருளை, எண்ணெய் தடவியதுபோல் மின்னியது.

“சனிக்கிழமை போட்டிக்கு வேணும் ஐலா. நீதான் சுத்தணும். ஸ்டான் கையில குடுத்துராத. அவன் சுத்துனா சேமியாவைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கும்.”

“காது கேக்குதுடா எனக்கு,” என்று பின்னறையிலிருந்து கடைக்காரர் ஸ்டான் குரல் கொடுத்தார்.

ஸ்டானுக்கே அது தெரியும். எங்கள் பெல்டன் ஏரியில் படகு இறக்கும் ஆட்களில் பாதிப் பேர் நரம்பு சுற்ற ஐலாவைத்தான் நம்புவார்கள். ரீலில் பெயரெழுதிய காகிதத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள், மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார்கள். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஈரத்துணியை விரலிடுக்கில் பிடித்து, நரம்பை அதன் வழியாக ஓடவிட்டு, ஒரே இறுக்கமாக அவள் சுற்றுவதைப் பார்த்தால் நமக்கே ஒரு நிம்மதி வரும். மினசோட்டாவில் மீன்பிடிக்காரன் தன் மனைவியை நம்பாமல் இருக்கலாம், நரம்பு சுற்றித் தருபவளை நம்பாமல் இருக்க முடியாது. முப்பதடிக்குக் கீழே, இருட்டில், அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நரம்புதான் என்று நினைப்பான். கொஞ்சம் மிகையாகத் தெரியலாம், ஆனால் எங்கள் ஊரில் அப்படித்தான்.

“என்ன நரம்பு போடட்டும்?” என்றாள் ஐலா.

“அதையும் நீயே சொல்லேன். பழையபடி நைலான் போட்டா என்ன?”

“ஈயத்தலை முள்ளைத் தூக்கித் தூக்கித்தானே போடப்போற? நைலான் ரப்பர் மாதிரி இழுபடும். வால்ஐ மீன் வாயை வெச்சது உன் கைக்குத் தெரியறதுக்குள்ள அது துப்பிட்டுப் போயிருக்கும். பின்னல் நரம்புதான். பத்து பவுண்டு தாங்கறது. மஞ்சள். நரம்பு துடிக்கிறது கண்ணுக்கும் தெரியணும். நுனியில மட்டும் கண்ணாடி நரம்பு ஒரு கை நீளம் கட்டிக்க.”

“இதுக்குத்தான் உங்கிட்ட வர்றது.”

அவள் கை நாலு புரி நரம்புக்குத்தான் போனது. நாலு புரி கொஞ்சம் சொரசொரப்பு. தூண்டில் கழியின் வளையத்தில் உரசும்போது சத்தம் போடும், ஆனால் பிடிப்பு உண்டு. உருளையை விட்டு அவ்வளவு எளிதில் நழுவாது. அவள் அதை எடுத்து மேசைமேல் வைக்கவும் செய்தாள்.

“காலையில முதல் வேலையா என் மேட்டுக்குத்தான் போறேன்,” என்றான் டுவேன். “கண்ணை மூடிக்கிட்டே போவேன். மத்தவனுங்க அங்க வர்றதுக்குள்ள முடிச்சிருவேன் பாரு.”

ஐலா நாலு புரியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். எட்டுப் புரியை எடுத்தாள். புதிதாக வந்த சரக்கு, மேலே ஏதோ பூசியிருந்தார்கள். விரலில் பிடித்தால் நிற்காது.

“இது சத்தமே போடாது. நேரா கீழ இறங்கும்.”

“அட, பட்டு மாதிரி இருக்கே!” என்றான் அவன்.

அந்த மேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏரியின் வடக்கில், கரையிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீராகத் தெரியும் ஓரிடத்தில், அடியில் பாறைக் குவியல் ஒன்று மேலெழும்பி நிற்கிறது. படகில் ஏரியின் அடியைக் காட்டும் மின்திரை வைத்துக்கொண்டு அலையும் காலத்துக்கு முன்பே அதைக் கண்டுபிடித்தவர்கள் ஐலாவும் அவள் கணவர் ரூடியும். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி, இறக்கி, தூக்கி, மறுபடி நகர்ந்து இறக்கி, எத்தனையோ கோடைகளை அவர்கள் இதிலேயே கழித்தார்கள். வெள்ளைப் படகுக்கொட்டகை பெரிய பைன் மரத்துக்கு நேராக வரவேண்டும், தண்ணீர்த்தொட்டி தேவாலயக் கூரைக்கு மேல் பாதி தெரியவேண்டும். இவ்வளவுதான் அடையாளம், அதுவும் இரண்டு தலைகளுக்குள் மட்டும். ரூடிக்குக் கணையத்தில் புற்று வந்து, படகைத் தள்ளக்கூடத் தெம்பில்லாமல் போன செப்டம்பரில், டுவேன் வீட்டுக்கு வந்து நின்றான். “வாங்கண்ணே, என் படகுல போய்ட்டு வரலாம். உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்கே போவோம்,” என்றான். நல்ல மனுசன் என்று ஐலா அன்று அவனுக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தாள்.

மாலையில் ரூடி திரும்பி வந்தார். போர்வையை விலக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மீன் கிடைத்ததா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார். “நான் திரும்பி உக்காந்திருந்தேன். பின்னாடி பீப்னு சத்தம் கேட்டுச்சு. டுவேன் அமுத்திட்டான் ஐலா.”

படகுத் திரையில் இடத்தைக் குறித்துவைக்கும் பொத்தான் அது. அடுத்தவன் காட்டிய இடத்தில், அவனைப் படகில் வைத்துக்கொண்டே அதை அமுக்குவது எங்கள் ஊரில் எவனும் செய்யாத காரியம். வீடு புகுந்து திருடியவனைக்கூட காபிக்கடையில் சேர்த்துக்கொள்வார்கள். “நீங்க ஒண்ணும் கேக்கலையா?” என்றாள் ஐலா. “அவன் படகுல போயிட்டு எப்படிக் கேக்கறது?” என்றார் ரூடி. அக்டோபரில் அவர் போய்விட்டார். ஐலாவும் அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் டுவேன் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மேட்டில் நிறுத்தினான், போட்டியில் ஜெயித்தான். அதற்கடுத்த வருடம் காபிக்கடையில் தட்டுக்குக் கீழே போடும் ஏரிப்படக் காகிதத்தில் ‘டுவேன் மேடு’ என்று அச்சடித்தே விட்டார்கள். ஐலா தினமும் காலையில் அந்த எழுத்தின்மேல் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டுதான் முட்டை தின்றாள்.

பின்னல் நரம்பை வெறும் உருளையில் சுற்றக் கூடாது. முதலில் நாலு சுற்று நைலான் போடவேண்டும், அல்லது உருளையில் ஒரு துண்டு டேப் ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் எத்தனை இறுக்கமாகச் சுற்றினாலும், பலமாக ஓர் இழுப்பு விழுந்தால் மொத்த நரம்பும் உருளையின்மேல் வளையல்போலச் சுழலும். பார்வைக்கு எதுவுமே தெரியாது. இது தெரியாமல் எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒருமுறை ஏமாந்திருக்கிறார்கள். டேப் அவள் இடது கைப்பக்கத்தில்தான் இருந்தது. ஐலா அதை எடுக்கவில்லை. முடிச்சுப் போட்டாள், ஈரத்துணியைப் பிடித்தாள், சுற்றினாள். அவள் கை நடுங்கியதென்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. அவ்வளவு அழகாக அவள் எந்த ரீலையும் சுற்றியதில்லை.

சனிக்கிழமை மதியம் படகுத்துறையில் மீன்களை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு படகு, தனித்தனியாகப் பிடிக்கும் போட்டி. டுவேன் கடைசியாக வந்தான். அவன் பையில் நடுத்தர மீன்கள் நாலு கிடந்தன, பரிசுக்கு ஆகாது. ஸ்டானின் கூடாரத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஐலா, கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். தொங்கிப்போயிருக்கும் என்று எதிர்பார்த்தாள். அந்த முகத்துக்காகத்தான் மூன்று இரவு தூங்காமல் கிடந்திருந்தாள்.

அவன் முகம் பளபளவென்றிருந்தது.

“டேய், இந்த ஏரியில இப்படி ஒண்ணு இருக்குன்னு கனவுலகூட நினைச்சதில்லடா!” என்று படகிலிருந்தே கத்தினான். “நம்ம மேட்டுலதான். முதல்ல ஒரு தட்டு, அவ்வளவுதான். தூக்கறேன், பாறையத் தூக்கற மாதிரி இருக்கு. அப்புறம் ஓடுச்சு பாரு! நரம்பு ஓடாம நிறுத்தற திருகை முழுசா இறுக்கிட்டேன். நிக்கவே இல்ல. இறுக்க இறுக்க ஓடுது. எங்கையில ஒண்ணுமே இல்ல. கடைசியில தலைய ஒரு உதறு உதறிச்சு, முள்ளைத் துப்பிட்டுப் போயிடுச்சு.”

“முழுசா இறுக்கியுமா?” என்றான் துறையில் நின்ற ஒருவன்.

“முழுசா!”

ஜெயித்தவன் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான், அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடித்த மீனுக்குத் தராசு உண்டு. போன மீனுக்கு ஏது தராசு? செவ்வாய்க்கிழமைக்குள் அது துடுப்பு நீளம் ஆகிவிட்டது. காபிக்கடையில் அந்த மீனுக்கு ‘டுவேன் கிழவன்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த அச்சில் ஏரிப்படக் காகிதத்தில் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன் படமும் போடப்போவதாகப் பேச்சு. கடையில் எட்டுப் புரி மஞ்சள் நரம்பு தட்டு காலி. “டுவேன் போட்டானே, அது,” என்றே கேட்டு வாங்கினார்கள். ஐலா ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டிச் சுற்றிக் கொடுத்தாள். தன் கையாலேயே அவனுக்கு இன்னொரு பெயரையும் செய்து கொடுத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு மேடு போதாதா அவனுக்கு?

வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். மேசை முழுக்கப் பெயரெழுதிய ரீல்கள். டுவேன் உள்ளே வந்ததும் வழிவிட்டார்கள். ஒருவன் தோளில் தட்டினான். வயதான வால்ட் தன் முக்காலியிலிருந்து, “வாய்யா, மீன் கிழவனோட மாப்பிள்ளை!” என்றார். டுவேன் சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்து ரீலை வைத்தான். பிறகு முகத்தை ஐலாவின் பக்கம் சாய்த்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

“திருப்பிச் சுத்திக் குடு. இந்தத் தடவை டேப் போட்டுடு, என்ன?”

ஐலா நிமிர்ந்தாள்.

“போட்டி முடிஞ்ச அன்னிக்கே வீட்டுல கழட்டிப் பார்த்தேன். மறந்துட்டியோ, வேணும்னு பண்ணுனியோ, எனக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லிக்காத. சொன்னா உன் பேரு போயிடும், என் மீனும் போயிடும். ரெண்டு பேருக்கும் எதுக்கு நஷ்டம்?” அவன் கண்ணடித்தான். “நெசமாச் சொல்றேன் ஐலா, உனக்கு நான் நன்றிதான் சொல்லணும்.”

அவன் திட்டியிருந்தால் அவள் பேசாமல் நின்றிருப்பாள். ஸ்டானிடம் புகார் சொல்லியிருந்தால்கூடத் தலை குனிந்திருப்பாள். அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரூடியிடமும் அன்று அவன் படகை விட்டு இறக்கிவிட்டு நன்றிதான் சொல்லியிருந்தான்.

அவள் ரீலைக் கையில் எடுத்தாள். ரீலின் திருகை, பல் நெறிபட, முடிந்த மட்டும் இறுக்கினாள். நரம்பு நுனியை வால்டின் கையில் கொடுத்தாள்.

“இழுங்க.”

“எதுக்கும்மா?”

“ரெண்டே ரெண்டு விரல்ல பிடிச்சு இழுங்க, மாமா.”

வால்டுக்கு எண்பது வயதுக்கு மேல், கைகள் ஆடும். அவர் இரண்டு விரலால் இழுத்தார். நரம்பு வந்தது. ஆச்சரியப்பட்டு இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. உருளை அசையாமல் நிற்க, அதன்மேல் மஞ்சள் நரம்பு மட்டும் சுழன்று சுழன்று வந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும்.

“இதான் உங்க ராட்சச மீனு,” என்றாள் ஐலா. “கைநீள மீனுக்கும் இப்படித்தான் ஓடும். டேப் போடல. நான்தான் போடல. மறந்து இல்ல, வேணும்னுதான். எங்க வீட்டுக்காரரு சாகக் கிடக்கும்போது படகுல கூட்டிட்டுப் போயி, அவரு முதுகுக்குப் பின்னாடி பொத்தானை அமுத்தினான் இவன். அந்த மேடு எங்களுது.”

வால்ட், நிறுத்தத் தெரியாதவர்போல், இழுத்துக்கொண்டே இருந்தார். நரம்பு அவர் மடியிலிருந்து வழிந்து தரையில் விழுந்தது.

“அமுத்தினியாடா?” என்று ஸ்டான் கேட்டார்.

டுவேன் மேசைமேல் கிடந்த ரீல்களைக் காட்டி, “இவ உங்க ரீலையெல்லாம் என்ன பண்ணி வெச்சிருக்காளோ, அதைப் பாருங்க முதல்ல!” என்றான்.

அது சரியான இடத்தில்தான் பட்டது. முதலில் ஒருவன் வந்து தன் ரீலை எடுத்து, கட்டைவிரலால் நரம்பைத் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. இருந்தும் எடுத்துக்கொண்டு போனான். பிறகு இன்னொருவன். எல்லோரும் தள்ளிப் பார்த்தார்கள், எதிலும் நரம்பு நகரவில்லை, எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐலாவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் அதை எதிர்பார்த்தே நின்றாள், ஆனாலும் ஒவ்வொரு ரீலும் மேசையை விட்டுப் போகும்போது நெஞ்சுக்குள் எதுவோ கழன்றது. டுவேனின் தோளையும் யாரும் தட்டவில்லை. ஸ்டான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வால்ட் கடைசியாக எழுந்தார். “நீங்க ரெண்டு பேரும் அந்த மேட்டுக்கு ஏதாவது பேரு வெச்சிருந்தீங்களாம்மா?”

“வெச்சிருந்தோம்.”

“என்ன பேரு?”

“அதைச் சொல்ல மாட்டேன்,” என்றாள் ஐலா. அவர் தலையை ஆட்டிவிட்டு, மிச்ச நரம்பைக் கீழே போட்டுவிட்டுப் போனார்.

டுவேன் ரீலைப் பறித்துக்கொண்டு திரும்பினான். இரண்டடிகூட வைக்க முடியவில்லை. தரையில் குவிந்திருந்த நரம்பு அவனுடைய இரண்டு பூட்ஸிலும் கொக்கிகளைப் பிடித்துச் சுற்றியிருந்தது. உதறினான், இன்னும் இறுகியது. குனிந்து இழுத்தான், விரலை அறுத்தது. கடைசியில் முழங்காலிட்டு உட்கார்ந்து பல்லால் கடித்தான். பின்னல் நரம்பு பல்லுக்கு அறுபடாது என்பது அவனுக்கும் தெரியும், இருந்தும் கடித்தான். நரம்பு அறுக்கும் கத்தரிக்கோல் ஐலாவின் கையில் இருந்தது. அவள் மேசைக்கு இந்தப் பக்கம், அவன் கேட்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.