மே மாதத்துப் பனி

மே மாதத்தில் அந்த மலையில் பனி இருக்காது என்பது ரஃபியாவுக்கு ஏப்ரல் இரண்டாம் தேதியே தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தெரிந்துகொள்ளப் பெரிய துப்பறியும் மூளை எதுவும் தேவைப்படவில்லை. இமாச்சலத்தில் இருந்த அந்தப் பனிச்சறுக்கு ரிசார்ட்டின் இணையப் பக்கத்தைத் திறந்து, பல்லைக் காட்டிக்கொண்டு சறுக்குகிற வெள்ளைக்காரர்களைத் தாண்டிக் கீழே போனால் எறும்பளவு எழுத்தில் போட்டிருந்தது: சறுக்கும் காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. மே மாதத்துப் படம் ஒன்றும் இருந்தது. பச்சைப் புல். புல்லில் இரண்டு மாடுகள்.

வீட்டில் வேறு யாரும் கீழே வரை போகவில்லை. போகவும் மாட்டார்கள். பேகம்பூரில் அந்த வீட்டு ஆட்களுக்கு எதையும் கடைசிவரை படிக்கும் வழக்கம் கிடையாது. மருந்துச் சீட்டையே முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்.

பயணப் பேச்சை ஆரம்பித்தவன் ரஃபியாவின் கணவன் பக்ருதீன். பைபாஸில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். அதே பைபாஸில் இன்னொரு பிரியாணிக் கடை வைத்திருக்கும் நைனா முகமது, போன டிசம்பரில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பனியில் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து பக்ருதீனுக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்று தட்டு இரண்டு தட்டானது.

நைனா முகமது நின்றார். நாம் சறுக்க வேண்டும். இதுதான் அவனுடைய முழுத் திட்டம்.

டிசம்பரில் போகலாமே என்று ஒரு தலைக்குக்கூடத் தோன்றவில்லை. பள்ளிக்கூட லீவு மேயில். வெயில் மேயில். கொடைரோட்டில் இறங்குகிற கூட்டமெல்லாம் மலை ஏறுவதும் மேயில்தான். திண்டுக்கல் வெயிலில் ஊறிய அந்த மண்டைகளில் மலை என்றால் குளிர், குளிர் என்றால் பனி, அவ்வளவுதான் பாடம். தூரத்து மலை என்றால் பனி இன்னும் ஜாஸ்தியாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாட்டு நேரத்தில் முடிவானது. பக்ருதீன், அவன் தாயார் சைதூன், தங்கை ஷாஹினா, அவள் புருஷன் ஆசாத், இரண்டு வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர். ஆக எட்டு. மே பதினாலில் கிளம்பி இருபத்தொன்றில் திரும்புவது.

எட்டில் ரஃபியா இல்லை. அதை யாரும் முடிவு செய்ததாகக்கூடத் தெரியவில்லை. கடைக்குரிய மசாலாப் பொடியை விடியற்காலையில் வீட்டில்தான் அரைப்பார்கள்; அளவு மாமியாருக்கும் மருமகளுக்கும் மட்டும் தெரியும். அன்றன்றைக்கு அரைக்காவிட்டால் வாசம் போய்விடும் என்பது சைதூனின் முப்பது வருடத்துச் சட்டம். கொடைக்கானல் கூட்டம் பைபாஸில் வந்து குவியும் மே மாதத்தில் கடையை மூட முடியாது. ஆகவே ரஃபியா இருந்துகொள்வாள். குடத்தில் தண்ணீர் இருக்கும் என்பது போலச் சொன்னார்கள்.

ரஃபியா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருநாள்.

காரணம், மே பதினேழு.

மேட்டுப்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. தலைமை ஆசிரியை ஆனந்தமேரி ஒரு காலத்தில் ரஃபியாவுக்கே கணக்கு நடத்தியவர். ஆளனுப்பிச் சொல்லியிருந்தார். எழுத்துத் தேர்வு, அதைத் தொடர்ந்து நேர்முகம், இரண்டும் பதினேழாம் தேதி ஒரே நாளில். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டுப் பதினாலு வருடமாகக் கிராம்பு எண்ணிக்கொண்டிருக்கிற ரஃபியாவுக்கு வயது முப்பத்தெட்டு. இனி ஒருவர் கூப்பிட்டு வேலை சொல்லுவார் என்று அவள் நம்பவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு தேர்வு வந்தது. அன்று காலை அவள் புடவையில் பின் குத்திக்கொண்டிருந்தபோது சைதூனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். பகல் ஒரு மணிக்குப் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது, வலி போனது. தேர்வும் போயிருந்தது.

ஆகவே பதினேழாம் தேதி இந்தக் கும்பல் திண்டுக்கல்லில் இருக்கக் கூடாது. பனி இருக்கிறதா, மாடு மேய்கிறதா என்பது அவர்கள் தலையெழுத்து.

ஏற்பாடுகள் தூள் பறந்தன. தோல் ஷாப்பில் வேலை செய்யும் இஷாக்கிடம் சொல்லி எட்டுப் பேருக்கும் ஆட்டுத்தோல் கோட்டு தைக்க வைத்தார்கள். வெயில் நூற்று மூன்றில் நின்ற ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்தார்கள். சேலைக்கு மேல் கோட்டோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சைதூனைப் பார்த்தால் யாரோ மூட்டை கட்டி வைத்துவிட்டு மறந்து போன மாதிரி இருந்தது.

ஆசாத் செல்போன் உறை விற்கிறவன். வீடியோ பார்த்துச் சறுக்கக் கற்றுக்கொண்டான். ஹாலில் மொசைக் தரையில் காலுறையோடு முழங்காலை மடக்கி, பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு நின்று காட்டினான். சைதூன் வெகுநேரம் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையா என்று மகளிடம் கேட்டாள்.

வடநாட்டுச் சாப்பாடு ஆகாது என்று பதினைந்து கிலோ சீரகச் சம்பா மூட்டை கட்டப்பட்டது. உலகத்தின் கூரைக்கே போனாலும் இவர்கள் பார்க்கப் போவது தங்கள் சோற்றுத் தட்டைத்தான் என்று ரஃபியா நினைத்துக்கொண்டாள்.

முதல் ஆபத்து ஏப்ரல் பத்தொன்பதில் வந்தது.

ரொனால்டு என்று ஒருவர். பட்டாளத்தில் இருபது வருடம் இமயமலைப் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு வாடிக்கை. அவரிடம் பக்ருதீன் பயணத்தைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறான். மே மாதத்தில் அங்கே ஏது பனி என்று அவர் கேட்டுவிட்டு எலும்பைக் கடித்திருக்கிறார். பக்ருதீன் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. டிக்கெட் இன்னும் போடவில்லை. ஒரு வருடம் தள்ளிப் போடலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டான்.

ரஃபியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பனி உண்டு என்று சாதித்திருந்தால் அவனுக்குச் சந்தேகம் கூடியிருக்கும். பதினாலு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதனை எந்தப் பக்கம் தொட்டால் எந்தப் பக்கம் துள்ளுவான் என்பது அவளுக்கு வாய்ப்பாடு.

"பட்டாளத்துக்காரர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எதுக்கு வம்பு? பேசாம கொடைக்கானலுக்கே போயிட்டு வந்துருங்க" என்றாள்.

பக்ருதீனின் கழுத்து சிவந்தது. கொடைக்கானலுக்கு அவன் கடையில் இலை போடுகிறவன் போகிறான். பெஞ்சு துடைக்கிறவன் போகிறான். அன்று சாயங்காலமே ஆசாத்தை வரச் சொல்லி எட்டு டிக்கெட்டும் போட்டான். ரொனால்டு எந்த மலையில் எந்த மூட்டையைக் காவல் காத்தாரோ என்று இரவுச் சாப்பாடு முடிகிற வரை ஏசினான்.

அதோடு நிற்கவில்லை. மறுநாள் கடை வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் எழுந்தது. எட்டு முகங்கள், கழுத்துக்குக் கீழே எட்டும் வெள்ளைக்கார உடம்பு, காலில் சறுக்குக் கட்டை. உரிமையாளர் குடும்பத்தாரின் பனிச்சறுக்குப் பயணம் வெல்க. எதை வெல்ல வேண்டும் என்று போடவில்லை.

மே நாலாம் தேதி இரண்டாவது ஆபத்து. இது சிரித்துக்கொண்டே வந்தது.

நாலு பெரியவர்களும் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்தார்கள். பக்ருதீன் மனைவியைக் கூப்பிட்டான்.

"ரஃபியா, உனக்கும் டிக்கெட் போட்டாச்சு. இப்பச் சந்தோஷமா?"

அவள் கையில் இருந்த தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "கடைக்கு யாரு மசாலா அரைக்கிறது?"

"எட்டு நாளைக்கும் மொத்தமா அரைச்சு மாஸ்டர் சிலுவைமுத்துட்ட குடுத்துரு. அங்க அடுப்பங்கரையோட ரூம் சொல்லியிருக்கேன். அம்மாவுக்கு முட்டி வலி. ஷாஹினாவுக்கு உலை வைக்கவே தெரியாது. நீ வரலைன்னா அம்புட்டு அரிசியையும் கொண்டு போயி என்ன செய்ய?"

முப்பது வருடத்துச் சட்டம் ஒரு டீ ஆறுவதற்குள் செத்துப் போனது. சைதூன் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

ரஃபியா கணக்குப் போட்டாள். கூடப் போனால் பதினேழாம் தேதி அவள் மலைமேல் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். பனி இல்லை என்று சொன்னால் பயணம் நிற்கும். பதினேழாம் தேதி இத்தனை பேரும் வீட்டில் இருப்பார்கள், காலை எட்டு மணிக்கு நெஞ்சு வலி வரும். இரண்டு பக்கமும் விடை பூஜ்யம்தான்.

நாலு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இந்த முகங்களுக்குப் பயந்தா பதினாலு வருடம் போனது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் வரலைங்க. பதினேழாம் தேதி எனக்குப் பரீட்சை இருக்கு. ஸ்கூல் வேலைக்கு."

சைதூனின் கை நெஞ்சுக்குப் போனது. "யா அல்லா. தம்பி, நெஞ்சைப் பிடிக்குதுப்பா."

"செத்த நேரம் பொறுங்க மாமி. நான் இன்னும் சொல்லி முடிக்கல." ரஃபியா புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க போற மலையில இப்பப் பனி கிடையாது. மார்ச்சோட முடிஞ்சு போச்சு. புல்லுதான் இருக்கு. மாடு மேயுது."

ஆசாத் சிரித்தான். மச்சிக்குக் கூட்டிட்டுப் போகாத கோபம் என்றான். கூட்டிப் போவதாகச் சொன்னது இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ரஃபியா போனில் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கத்தை ஆசாத் அடிவரை படித்தான். நேரம் பிடித்தது. சிரிப்பு எந்த வரியில் நின்றது என்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

"எல்லாத்தையும் கேன்சல் பண்ணிருவோம் மச்சான்" என்றான்.

"பண்ணிட்டு?" என்றான் பக்ருதீன். "நைனா முகமது வண்டிய நிப்பாட்டி அந்த ஃப்ளெக்ஸைப் படிச்சிட்டுப் போயிருக்காரு மாப்ள."

ஷாஹினா தன் பங்குக்கு முனகினாள். புகுந்த வீட்டுச் சொந்தத்தில் ஐம்பது பேருக்குக் கோட்டு போட்ட படத்தை அனுப்பியிருந்தாள். சறுக்கப் போகிறோம் என்று குரல் செய்தியும் போட்டிருந்தாள்.

நாலு பேருமே தலையைத் தொங்கப் போட்டார்கள். ஏமாந்ததற்காக இல்லை. படிக்காததற்காகவும் இல்லை. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்கிற ஒன்றுதான்.

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?" என்று பக்ருதீன் கேட்டான்.

"ஏப்ரல் ரெண்டாம் தேதியில இருந்து."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல." ரஃபியா டீத் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். "நீங்க போயிட்டு வாங்க. பனி இருந்துச்சான்னு யாரு கேட்டாலும் இடுப்பளவு இருந்துச்சாம்னு நான் சொல்றேன். பதினேழாம் தேதி நான் பரீட்சைக்குப் போவேன். அன்னைக்கு யாருக்கும் நெஞ்சு வலிக்கக் கூடாது."

சைதூனின் கை நெஞ்சிலிருந்து மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. அப்படியானால் அந்தத் தோல் கோட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள்.

பதினாலாம் தேதி எட்டுப் பேரும் கிளம்பினார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் முத்தம் கொடுத்து அனுப்பினாள். புல்லில் உருண்டாலும் அதுகள் சந்தோஷமாக உருளும்.

பதினேழாம் தேதி விடியலில் மசாலா அரைத்து சிலுவைமுத்துவிடம் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குத் தேர்வு எழுதினாள். பத்துக் கேள்வியில் ஒன்பது தெரிந்தது, பத்தாவதையும் விடவில்லை. மத்தியானம் நேர்முகமும் முடிந்தது. இருபத்தாறாம் தேதி உத்தரவு வந்தது. ஜூன் இரண்டில் சேர வேண்டும்.

பக்ருதீன் கடிதத்தைப் படித்தான், முதல் வரியை. கடை வியாபாரம், அம்மா உடம்பு, ஊர்ப் பேச்சு என்று ஆரம்பித்து, சேருவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றான். ஒப்பந்தம் பரீட்சைக்குத்தானே, வேலைக்கு இல்லையே என்றான். இந்த அற்பப் புத்தியையும் அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

மறுநாள் மாலை, மகள் கல்யாணத்துக்கு அழைக்க நைனா முகமது வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். பக்ருதீன் அரைமணி நேரம் வாயாலேயே சறுக்கினான். இடது பக்கம் சறுக்கியது, வலது பக்கம் சறுக்கியது, ஒரு பள்ளத்தைத் தாண்டியது. படம் காட்டச் சொன்னபோது போன் பனியில் விழுந்து கெட்டுவிட்டது என்றான். நைனா முகமது தாடியைத் தடவினார். டீ கொண்டுவந்த ரஃபியாவைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. உன்ட்ட வந்து என்ன சொன்னாங்க? பனி எம்புட்டு இருந்துச்சாம்?"

ரஃபியா தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டாம் தேதி எட்டரைக்கு நான் ஸ்கூல்ல இருக்கணும். யாரு கொண்டு போயி விடுறது?"

சைதூன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா முகமது தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தார்.

"நானே விடுறேன்" என்றான் பக்ருதீன். "தினமும்."

"இடுப்பளவு இருந்துச்சாம் பாய்" என்றாள் ரஃபியா.